20 நானோமீட்டர் தங்கம் 7 நானோமீட்டர் துளைக்குள் இருக்காது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தங்க வினையூக்கி செய்வதற்காக, எஸ்பிஏ-15 என்ற, நுண்ணிய குழாய்த் துளைகள் நிறைந்த சிலிக்கா 1 கிராம் எடுத்து, அதில் 1 சதவீதம் தங்கம் வரும்படி குளோரோஆரிக் அமிலம் என்ற தங்க உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஊறவைத்திருக்கிறீர்கள். 100 டிகிரியில் காயவைத்து, மஃபிள் ஃபர்னஸில் (மூடிய மின் உலையில்) 400 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டிருக்கிறீர்கள். பொடி கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் துகள்கள் 20 முதல் 30 நானோமீட்டர். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றத்தில் 200 டிகிரி வரை ஒன்றும் நடக்கவில்லை. கட்டுரைகளில் 3 நானோமீட்டர் என்கிறார்களே, நான் எந்தப் படியில் தவறினேன், சுடும் வெப்பநிலையைக் குறைத்தால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: துளை 7 நானோமீட்டர்தானே, அதற்குள் வளரும் துகள் எப்படி 20 நானோமீட்டர் ஆகும்? பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான். அது புரிந்தால் மற்றது தானாக விளங்கும்.

துளை துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் ஒருகட்டத்தில் நம்புகிறோம். நானும் நம்பினேன். உங்கள் டெம் படமே அதை மறுக்கிறது: 7 நானோமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் 20 நானோமீட்டர் உருண்டை இருக்க இடமில்லை. தங்கம் துளையை விட்டு வெளியேறி, சிலிக்கா மணியின் வெளிப்புறத்தில் கூடியிருக்கிறது. எஸ்பிஏ-15 1998-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் முதலில் செய்யப்பட்டது. அதன் இணைக் குழாய்கள் இரு முனையும் திறந்தவை. கதவில்லாத வீடு மாதிரி. உள்ளே வந்த உப்பைச் சுவர் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது வந்த வழியே போய்விடும்.

சுவர் ஏன் பிடிக்கவில்லை? தண்ணீரில் நனைந்த எந்த ஆக்சைடின் மேற்பரப்பிலும் ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கும். கரைசல் அமிலமாக இருந்தால் அவை புரோட்டானை ஏற்று நேர்மின்னேற்றம் பெறும். காரமாக இருந்தால் புரோட்டானை இழந்து எதிர்மின்னேற்றம் பெறும். இரண்டும் சமமாகும் பி.எச். ஒவ்வொரு பொருளுக்கும் வேறு. சிலிக்காவுக்கு 2-ஐ ஒட்டி, டைட்டானியாவுக்கு 6-ஐ ஒட்டி, அலுமினாவுக்கு 8 முதல் 9 வரை. நீங்கள் எடுத்த உப்போ எதிர் அயனி: ஒரு தங்க அணுவைச் சுற்றி நான்கு குளோரைடு. உங்கள் கணக்கில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் உப்பு 1 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கிறது. அந்தக் கரைசலின் பி.எச். 2-க்கும் கீழே இருக்கும். அங்கே சிலிக்காவுக்கு மின்னேற்றம் ஏறக்குறைய இல்லை, அதனால் ஈர்ப்பும் இல்லை. சரி, காரம் சேர்த்து பி.எச்.-ஐ ஏற்றலாமே என்றால், சிலிக்கா எதிர்மின்னேற்றம் பெற்று அதே மின்னேற்றமுள்ள தங்க அயனியைத் தள்ளிவிடும். அதாவது இந்த உப்புக்கும் இந்தத் தாங்கிக்கும் (உலோகத்தைச் சுமக்கும் பொடிக்கு அதுதான் பெயர்) எந்த பி.எச்.-இலும் ஒட்டாது. கைப்பிழை என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். பொருத்தமே இல்லாத இரண்டைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்.

ஒட்டாத உப்பு காயும்போது என்ன செய்யும் என்பதை மழைக்காலம் முடிந்த பிறகு பழைய செங்கல் சுவரில் பார்த்திருப்பீர்கள். சுவருக்குள் இருந்த ஈரம் வெளியே வரும் இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தண்ணீர் போகும் பக்கம் உப்பும் போகிறது, தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிவிடுகிறது. உங்கள் சிலிக்கா மணியிலும் 100 டிகிரி அடுப்பில் நடந்தது அதுவே. துளைவாய்களில் தங்க உப்பு குவிந்தது. அதன்பிறகு ஃபர்னஸில் கூட இருந்த குளோரைடு மீதி வேலையைப் பார்த்தது. சூட்டில் தங்கம் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்வதைக் குளோரைடு வேகப்படுத்தும். தங்க வினையூக்கி செய்கிறவர்கள் குளோரைடைக் கழுவித் தள்ளுவதில் அவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான். ஊறவைக்கும் முறையில் கழுவும் படியே கிடையாது. போட்ட குளோரைடு முழுவதும் ஃபர்னஸுக்குள் போகிறது.

அதனால், சுடும் வெப்பநிலையைக் குறைத்தால் சரியாகுமா என்பதற்குப் பதில்: கொஞ்சம் குறையும், 3 நானோமீட்டர் வராது. துகளின் அளவு பெரும்பாலும் ஃபர்னஸுக்கு முன்பே, உப்பும் சுவரும் தண்ணீரில் சந்திக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஃபர்னஸ் கெடுக்கலாம், சரிசெய்ய முடியாது. தங்கத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஒரு உலோகத்தின் அணுக்கள் திடநிலையிலேயே தாராளமாக நகரத் தொடங்கும் இடத்தைக் கணிக்க, உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்குவது பழைய வழக்கம். தங்கம் 1337 கெல்வினில் உருகும்; பாதி 668, அதாவது 395 டிகிரி செல்சியஸ். நீங்கள் சுட்டதே 400-ல். பிளாட்டினத்துக்கு இதே கணக்கு 750 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். பிளாட்டினத்துக்கு எழுதிய செய்முறையை அப்படியே தங்கத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று: தங்க ஆக்சைடு நிலையற்றது. காற்றில் சுட்டாலும் தங்கம் தானாகவே உலோகமாகிவிடும். அதனால் 200 முதல் 300 டிகிரி போதும். ஹைட்ரஜன் வசதி இருந்தால் அதற்கும் கீழே முடித்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். மூடிய மஃபிளில் கிண்ணம் நிறையப் பொடியைக் குவித்து வைக்காமல், குழாய் ஃபர்னஸில் வாயு ஓட, மெல்லிய படலமாகப் பரப்பி வையுங்கள். வெளியேறும் நீராவியும் ஹைட்ரஜன் குளோரைடும் பொடியின் மேலேயே நின்றால் துகள் வளரும். ராத்திரியில் கரண்ட் போய்த் திரும்ப வந்து, ஃபர்னஸ் மறுபடி முதலிலிருந்து ஏறிய பொடியை நான் அளந்து பார்க்காமலே தூக்கிப் போட்டிருக்கிறேன்.

துகள் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 20 நானோமீட்டர் துகள் ஒன்றில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் அணுக்கள் இருக்கும். 3 நானோமீட்டர் துகளில் 830 சொச்சம். ஒரு பெரிய துகளை உடைத்தால் 300 சிறிய துகள்கள் கிடைக்கும். ஆனால் தங்கத்தில் இது பரப்பளவுக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. தங்கம் வினையூக்கியாகாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1987-ல் ஒசாகாவில் மசாடகே ஹருடாவும் கூட்டாளிகளும் இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகளோடு தங்கத்தைக் கூட்டாக வீழ்படிவாக்கி, கார்பன் மோனாக்சைடு மைனஸ் 70 டிகிரியில்கூட எரிவதைக் காட்டினார்கள். துகள் 5 நானோமீட்டருக்குக் கீழே போகும்போதுதான் அந்தக் குணம் முழுதாக வெளிப்படுகிறது. 20 நானோமீட்டரில் அது தூங்குகிற உலோகம். உங்கள் உலைக்குழாயில் 200 டிகிரி வரை ஒன்றும் நடக்காதது வியப்பில்லை.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். உங்கள் நோக்கம் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம்தான், எஸ்பிஏ-15 கையில் இருந்தது என்பதால் எடுத்தீர்கள் என்றால், சிலிக்காவை விட்டு டைட்டானியாவுக்கு மாறுங்கள். சந்தையில் பி25 என்ற பெயரில் கிடைக்கும் டைட்டானியாப் பொடி போதும். செய்முறை இது: 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 20 மில்லிகிராம் குளோரோஆரிக் அமிலத்தைக் கரையுங்கள். 80 டிகிரிக்குச் சூடாக்கி, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டாக விட்டு பி.எச். 8-க்குக் கொண்டுவாருங்கள். இப்போது தங்கத்தைச் சுற்றியுள்ள குளோரைடில் பெரும்பகுதி ஹைட்ராக்சைடாக மாறியிருக்கும். மஞ்சள் நிறம் வெளிறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு 1 கிராம் டைட்டானியாவைச் சேர்த்து, பி.எச். இறங்க இறங்கத் திருத்தி, 2 மணி நேரம் கலக்குங்கள். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, 50 டிகிரி வெந்நீரில் நான்கு தடவையாவது கழுவுங்கள். கழுவிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளைக் கலங்கல் வரக் கூடாது; வந்தால் குளோரைடு இன்னும் மீதி இருக்கிறது. வெளிச்சம் படாமல் காயவைத்து, 300 டிகிரியில் சுடுங்கள்.

இந்த முறையில் ஒரு பேரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பி.எச். 6-ல் வைத்தால் தங்கம் அதிகமாக ஏறும், ஆனால் குளோரைடும் கூடவே வரும், துகள் பெரிதாகும். பி.எச். 8-ல் துகள் சிறிதாகும், ஆனால் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றத்துக்குப் போய்விடுவதால் போட்ட தங்கத்தில் பாதிக்கு மேல் கழுவும் நீரோடு போய்விடுவது சகஜம். தங்கம் விற்கும் விலையில் மனசு கேட்காது. அதற்கு மாற்று யூரியா. பாரிஸில் லூயி, சனெல்லா குழுவினர் 2002 வாக்கில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் யூரியாவைக் கரைத்து 80 டிகிரியில் வைத்தால், அது மெல்லச் சிதைந்து கரைசல் முழுக்க ஒரே சீராகப் பி.எச்.-ஐ ஏற்றும். தங்கம் ஏறக்குறைய முழுவதும் ஏறிவிடும், துகளும் சிறிதாகவே இருக்கும். ஆனால் பொறுமை வேண்டும். 1 மணி நேரத்தில் எடுத்தால் துகள் பெரிதாகவும், 4 மணி நேரத்துக்கு மேல் விட்டால் சிறிதாகவும் வரும். அவசரப்பட்டு எடுத்துவிட்டு முறையைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிலிக்காவைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஆய்வுத் தலைப்பே அதுதான் என்றால், உப்பை மாற்றுங்கள். எதிர்மின்னேற்றமுள்ள சுவருக்கு நேர் அயனி வேண்டும். குளோரோஆரிக் அமிலத்தோடு எத்திலீன்டைஅமீனைச் சேர்த்தால் தங்கத்தின் நேர் அயனிச் சேர்மம் ஒன்று கிடைக்கும். எத்தனால் ஊற்றி வீழ்படிவாக்கிப் பிரித்துக்கொள்ளலாம். அதைத் தண்ணீரில் கரைத்து, பி.எச்.-ஐ 10-க்குப் பக்கத்தில் வைத்துச் சிலிக்காவைப் போட்டால் சுவர் இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் எஸ்பிஏ-15 போன்ற சிலிக்காக்களில் இப்படிச் செய்து நல்ல வினைத்திறனைக் காட்டியிருக்கிறார்கள். ஒரே எச்சரிக்கை, சிலிக்கா அந்தக் காரத்தன்மையில் மெல்லக் கரையும். இரவு முழுக்க விட்டால் துளைச்சுவர் சிதைந்துபோகும். 1 அல்லது 2 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். செய்து முடித்த பிறகு நைட்ரஜன் உட்கவர்தல் அளவீட்டை (துளைப் பரப்பை அளக்கும் முறை) மறுபடி எடுத்து, பரப்பளவு எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். இன்னொரு வழி, சிலிக்காவின் சுவரில் அமினோபுரோப்பைல் சிலேனை ஒட்டி அமீன் குழுக்களை நட்டுவிடுவது. அப்போது உங்களிடம் இருக்கும் குளோரோஆரிக் அமிலமே ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் கழுவி, போரோஹைட்ரைடால் குளிரில் ஒடுக்கிவிட்டால், அதாவது தங்க அயனியை உலோகமாக்கிவிட்டால், 2 முதல் 4 நானோமீட்டர் எளிதாக வரும். பிறகு அந்த அமீனை எரித்து நீக்க வேண்டியிருக்கிறது. எரிக்கும் சூட்டில் துகள் மறுபடி வளராமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே திறமை.

துகளை முன்கூட்டியே கரைசலில் செய்து, பிறகு தாங்கியில் ஒட்டவைக்கும் வழியும் உண்டு. பாலிவினைல் ஆல்கஹாலில் தங்கத்தைப் போரோஹைட்ரைடால் ஒடுக்கிக் கூழ்மமாக்குவது. கார்பன், டைட்டானியா இரண்டுக்கும் இது அருமையான வழி. குறிப்பாகத் திரவத்தில் நடக்கும் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றத்துக்கு. உங்கள் எஸ்பிஏ-15-க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலிமர் போர்வை போர்த்திய 3 நானோமீட்டர் துகள் 7 நானோமீட்டர் குழாய்க்குள் நுழைய அலுத்துக்கொள்ளும், பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

இதுவரை சொன்னதில் மின்னேற்றமும் பி.எச்.-உம் பற்றியது, குளோரைடு பற்றியது, காயும்போது உப்பு நகர்வது பற்றியது ஆகியவற்றை உறுதியாகச் சொல்வேன். பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தவை. ஆனால் சிறிய தங்கத் துகள் ஏன் அவ்வளவு வேலை செய்கிறது என்பதில் இன்றும் கருத்து ஒன்றல்ல. துகளும் தாங்கியும் தொடும் விளிம்பில்தான் ஆக்சிஜன் உடைகிறது என்கிறார்கள் ஒரு சாரார். மூலைகளில் உள்ள, துணை குறைந்த அணுக்கள்தான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். உலோகமாகாத தங்க அயனியைக் கைகாட்டுகிறவர்களும் உண்டு. காற்றில் கலந்த ஈரம் வினையைத் தூக்கிவிடுகிறது என்பது சோதனையில் தெளிவு; ஏன் என்பதில்தான் வாதம். சிலிக்கா வெறும் தாங்கிதான், டைட்டானியா அளவுக்கு உதவாது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பொதுவாக அது சரி. ஆனால் ஹருடா குழுவே ஆவிநிலையில் தங்கச் சேர்மத்தை எம்சிஎம்-41 என்ற இன்னொரு துளைச் சிலிக்காவில் படியவைத்து நல்ல வினைத்திறனைக் கண்டிருக்கிறது. எனவே உங்கள் பொடி வேலை செய்யாததற்குச் சிலிக்காவின் குணம் காரணமா, துகளின் அளவு காரணமா என்று, சிறிய துகளைச் செய்து பார்க்காமல் ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். உங்கள் டெம் படத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் பெரிய துகள்களோடு துளைக்குள் 1 நானோமீட்டருக்கும் சிறிய கொத்துகள் இருந்தால் சாதாரண டெம்மில் அவை தெரியாமல் போகலாம்.

அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் பொடியைக் கரைத்து ஐசிபி-யில் (தனிமங்களின் அளவைக் காட்டும் கருவி) கொடுத்து, உண்மையில் எவ்வளவு தங்கம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 1 சதவீதம் போட்டேன் என்பது வேறு, 1 சதவீதம் இருக்கிறது என்பது வேறு. எக்ஸ்ஆர்டி-யில் (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு அளவீட்டில்) தங்கத்தின் முக்கிய உச்சி 38.2 டிகிரியில் வரும். சிலிக்காவில் அது தனியாகத் தெரியும், டைட்டானியாவில் அனடேஸ் என்ற அதன் படிக வடிவத்தின் 37.8 டிகிரி உச்சியோடு ஒட்டிக்கொள்ளும். 3 நானோமீட்டருக்குக் கீழே போனால் உச்சி விரிந்து தரையோடு படுத்துவிடும். நூற்றில் நான்கு பெரிய துகள் இருந்தாலும் எக்ஸ்ஆர்டி அவற்றைப் பற்றித்தான் பேசும். டெம்மில் குறைந்தது 200 துகள் எண்ணுங்கள், அழகான மூலையை மட்டும் படம் எடுக்காதீர்கள். செலவில்லாத கருவி உங்கள் கண்: தங்கத் துகள் 2 நானோமீட்டருக்கு மேல் போகப்போக 520 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி, வெள்ளைப் பொடி இளஞ்சிவப்பு, பிறகு திராட்சைச் சாறு, பிறகு கத்தரிப்பூ என்று மாறும். நல்ல சிறிய துகள் பார்க்க அழகாக இருக்காது. பழுப்பும் சாம்பலும் கலந்த மங்கல் நிறம். நான் ஆரம்பித்த காலத்தில் ஒரு தொகுதியை வடிகட்டி ஜன்னலோரம் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது வெயில் பட்ட பாதி ஊதாவாகவும், நிழலில் இருந்த பாதி வெளிர் மஞ்சளாகவும் இருந்தது. ஒரே வடிதாளில் இரண்டு வினையூக்கி. அன்றிலிருந்து அலுமினியத் தாள் சுற்றாமல் தங்கத்தைத் தொடுவதில்லை. உப்பை எடுக்க ஸ்டீல் ஸ்பேட்டுலாவும் கூடாது. கரண்டியின் மேலேயே தங்கம் படிந்துவிடும்.

பாதுகாப்புக்காக இரண்டு சொல்லியாக வேண்டும். குளோரைடை நீக்க அம்மோனியாவால் கழுவு என்று எங்காவது படித்தால், தங்க உப்பும் அம்மோனியாவும் சேர்ந்து உருவாகும் சேர்மம் காய்ந்தால் உரசலுக்கே வெடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம் இது. மிக நீர்த்த அம்மோனியாவில் செய்து பழகியவர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்; வெந்நீரே போதும். அடுத்தது, இதே வேலையைப் பின்னால் பல்லேடியத்திலும் கார்பனிலும் செய்வீர்கள். ஹைட்ரஜன் ஏறிய பல்லேடியம் கார்பனை மெத்தனால் ஈரத்தோடு வடிகட்டியில் காயவிட்டால் தீப்பிடிக்கும். எனக்கே ஒருமுறை அப்படித் தீப்பற்றியிருக்கிறது. புனலின் ஓரத்தில் கறுப்புப் பொடி சிவந்து கனன்றதும், நான் கழுவுபுட்டிக்குக் கை நீட்டியதும், அந்தப் புட்டியில் இருந்தது மெத்தனால் என்று கடைசி நொடியில் கை நின்றதும் இன்னும் கண்முன் இருக்கிறது.

புதிய தொகுதி செய்யும் முன் இந்த வாரம் ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களிடம் மீதி இருக்கும் எஸ்பிஏ-15-ஐ 100 மில்லிகிராம் எடுத்து, 20 மில்லிலிட்டர் தண்ணீரில் நீர்த்த குளோரோஆரிக் அமிலத்தோடு 1 மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். தெளிந்த நீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து, புதிதாகக் கரைத்த போரோஹைட்ரைடு இரண்டு சொட்டு விடுங்கள். எவ்வளவு ஆழமாக ஒயின் நிறம் வருகிறதோ அவ்வளவு தங்கம் சுவரில் ஒட்டாமல் தண்ணீரிலேயே இருந்தது என்று பொருள். அதே சோதனையை எத்திலீன்டைஅமீன் சேர்மத்தோடு பி.எச். 10-ல் செய்து, இரண்டு குப்பிகளையும் வெள்ளைத் தாளின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஃபர்னஸை மூட்டுவது அதற்குப் பிறகு.